சாவிக்காரருக்கு வந்த வெளிப்பாடு

பூட்டின் வாயில் கம்பியை விட்டு, கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்கிறார் சாவிக்காரர். 'டக்'கென்று திறந்துகொண்டதும் பூட்டைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்க்கிறார். "நான் எங்க தொறந்தேன்? மேல இருந்து சொன்னாங்க, கை கேட்டுச்சு" என்பார். கூலியை மட்டும் கீழே நிற்பவரிடம் கறாராக வாங்கிக்கொள்வார்.

மாடிப்படிக்கு அடியில் பெட்டி போல ஒரு கடை. அரம், பித்தளைத் தூள், ஆணிக்கு ஆணி தொங்கும் பல் வெட்டாத சாவிகள். ஜெபக்கூட்டத்தில் அவர் எழுந்தாலே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வேதத்தில் எந்தப் பகுதியை எடுப்பார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். இயேசு யார் என்று அவருடைய சீடன் பேதுரு கண்டுகொள்கிற இடம். இதை உனக்குச் சொன்னது மனிதரில்லை, என் பிதா என்று இயேசு பூரித்து, பரலோகத்தின் சாவிகளையே தருவதாகச் சொல்கிற இடம். "வேற எந்தத் தொழிலுக்காவது இந்த மரியாதை உண்டா?" என்று கேட்டுவிட்டு, அத்தோடு ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

வீட்டிலும் வெளிப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. எந்த வீட்டுக்குக் குடிபோவது, என்றைக்குக் கடையைச் சாத்துவது, எல்லாமே மேலிருந்து வரும். மனைவி சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவாள். அவள் கழுத்தில் கட்டி வந்து, தாமதிக்காமல் அறுத்தெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுதான் சிரிக்க முடியவில்லை. "கத்தியெல்லாம் வேண்டாம். தானா கரைஞ்சிரும். எனக்குச் சொல்லியாச்சு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கட்டி கரையவில்லை. சோறு விழுங்கினாலே வலிக்கத் தொடங்கிவிட்டது.

நேற்று மாலை ஜெபத்தில் வேதத்தை அவளே எடுத்துக்கொண்டாள். அவருக்குப் பிடித்த பகுதியைத்தான் வாசித்தாள். சாவி வந்தது, அவர் ஆமென் சொன்னார். அவள் நிறுத்தாமல் மேலே போனாள். தாம் துன்பப்பட்டுச் சாக வேண்டும் என்கிறார் இயேசு. பேதுரு அவரைத் தனியே அழைத்துப்போய், உமக்கு அப்படியெல்லாம் நடக்கவே கூடாது என்று கடிந்துகொள்கிறான். இயேசு திரும்பிப் பார்த்து, சாத்தானே, அப்பால் போ என்கிறார். நீ நினைப்பது கடவுளின் நினைப்பல்ல, மனிதரின் நினைப்பு என்கிறார்.

அவள் குரல் அங்கேயே நின்றுவிட்டது. இப்படியொரு வார்த்தை வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

சாவிக்காரருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. சாவிக்குக் கீழே, நாலு விரற்கடைக்குள், சாத்தான்.

"இது வேற பேதுருவா இருக்கும்மா."

"ஒரே ஆள்தாங்க."

"இப்பத்தான சாவி குடுத்தாரு? அதே வாயால..." மறுபடியும் மேலிருந்து கீழே விரல் வைத்து வந்தார். "முதல்ல சொன்னது பிதா. சரி. ரெண்டாவது பேச்ச அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் யோசித்தாள். "யாரும் சொல்லலைங்க. இயேசுவ விட்டா அவனுக்கு வேற யாரு? பயந்துட்டான். பாசத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டான்." சற்றுப் பொறுத்து, "உங்கள மாதிரி" என்றாள்.

கட்டி வந்த நாளிலிருந்து அவள் கழுத்தைப் பார்க்காமலேயே பேசி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தை மூடவும் தோன்றாமல் கீழே வைத்தார். விரல்களைச் சட்டையில் துடைத்தார். போதவில்லை என்று மறுபடி துடைத்தார். பிறகு மெல்லக் கையை நீட்டி, அந்தக் கட்டியை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தார்.