வரி கேட்காத வட்டி

தாராவியில் எனக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. என் மனைவி சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் இருவரின் வருமான வரிக் கணக்கையும் மாட்டுங்காவில் இருக்கும் ஒரு மாமிதான் போட்டுக் கொடுப்பார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஜூலையிலும் மழையில் நனைந்தபடி போய் உட்கார்ந்தோம்.

முதலில் என் கணக்கு. ஃபிக்சட் டெபாசிட்டுக்கு வந்த சிறு வட்டியை மாமி கணினியில் தட்டியதுமே, கட்ட வேண்டிய வரி ஏறிவிட்டது.

அடுத்து மனைவியிடம், "வேற வட்டி ஏதாவது உண்டோ?" என்றார்.

"தபாலாபீஸ்ல பி.பி.எஃப். சேமிப்பு இருக்கு மாமி. பதினஞ்சு வருசம் முடிஞ்சிட்டு" என்று அவள் பாஸ்புக்கை நீட்டினாள். ஏதோ போடுகிறாள் என்று தெரியும். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

மாமி பக்கங்களைப் புரட்டினார். "இந்த வருஷம் நீ போட்டதைப்போல ரெண்டு பங்கு வட்டியே வந்திருக்கேம்மா. இதைக் காட்டணும்."

"காட்டினா வரி போட்டுருவாங்களே" என்றேன்.

மாமி திரையை என் பக்கம் திருப்பினார். வரிவிலக்கு வருமானத்துக்கு உரிய கட்டத்தில் அந்த வட்டியை எழுதினார். என் வட்டியைவிடப் பல மடங்கு. திரையின் அடியில் இருந்த வரித் தொகையைப் பார்த்தேன். அவள் வரி ஒரு ரூபாய்கூட அசையவில்லை.

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்க மாமி."

சிரித்தபடி அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அசையவில்லை.

"வரியே இல்லன்னா எதுக்குக் காட்டணும்?"

"நாளைக்கு ஒரு வீடு வாங்கறேள். பணம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேப்பா. அப்போ இதுதான் பதில்."

திரும்பும் பஸ்ஸில் மனைவியையே பார்த்துக்கொண்டு வந்தேன். தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா புது மிஷின் வாங்கியிருப்பிய" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

மறு வருடம் அந்தப் பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கி, திலக் நகரில் ஒரு வீடு வாங்கினோம். மாமி சொன்னபடியே வரி இலாகா கேட்டது. அவள் கணக்கில் காட்டியிருந்ததையும் பாஸ்புக் நகலையும் மாமி அனுப்பினார். அதற்குமேல் கேள்வி வரவில்லை.

அந்த வீட்டின் கதவில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நான்தான் எழுதி மாட்டினேன்.