வரும்போது ஜன்னல் கன்னியம்மாவுக்கு

கூரம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, எங்கள் வழக்கமான இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் என் கூடையை வைத்து இடம் பிடித்திருந்தேன். வண்டி கிளம்புகிற நேரம். கன்னியம்மாவைக் காணோம். போன் போட்டேன். எடுத்தது அவள் மருமகள்.

"அத்த செத்துப்போச்சுமா. இப்பதான், கொஞ்ச நேரம் முன்னாடி."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். "நிறுத்துப்பா" என்று சொல்லி, கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பதினாறாம் நாள் படையலில் வாசிக்க நாலு வரி எழுதித் தரச்சொல்லி அந்த மருமகள்தான் கேட்டாள். என் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் என் எழுத்து கோணாது, ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிற என் பேத்தியே சொல்வாள். அந்த தைரியத்தில் எழுதுகிறேன். கன்னியம்மாவை உங்களுக்கெல்லாம் கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவியவளாகத் தெரியும். எனக்குத் தெரிந்தவள் வேறு.

பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்குகிற வரிசையில்தான் அவளை முதலில் பார்த்தேன். மாத்திரை வாங்கியதும் வேகமாக நடந்த என்னை அவள் நிறுத்தினாள்.

"இன்னாக்கா இவ்ளோ அவசரம்? வூட்டுக்குப் போயி இன்னா பண்ணப்போற?"

யோசித்தேன். சோறு மருமகள் ஆக்கிவிடுவாள். தறியில் மகன் உட்கார்ந்திருப்பான். நூல் சுற்ற என் கண் உதவாது. டிவி பார்ப்பேன், தூங்குவேன்.

"பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் காசு இல்லன்னு ஆயிடிச்சு. வா, அதோ நிக்கிற பஸ்ஸு எங்க போவுதோ அங்க போயிட்டு வரலாம்" என்றாள். அது செவிலிமேடு பஸ். கடைசி நிறுத்தம் வரை போனோம். ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தோம். அதே பஸ்ஸில் திரும்பினோம். போகும்போது ஜன்னல் எனக்கு, வரும்போது ஜன்னல் தனக்கு என்று அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். கடைசி வரை அந்தச் சட்டம் மாறவில்லை.

இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணம், சாவு, கோயில் தவிர வேறு எதற்கும் பஸ் ஏறியதில்லை. சும்மா ஏறலாம் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. அப்புறம் வியாழக்கிழமைதோறும் ஏறினோம்; அந்த நாள் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒரு தடவை ஒரு கண்டக்டர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். "இன்னா ஆயா, வேலவெட்டி எதுவும் இல்லியா? வாரா வாரம் ஏறிடறீங்க!"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. கன்னியம்மா அசரவில்லை. "வேலயெல்லாம் முடிச்சிட்டுத்தான்பா ஏறியிருக்கோம். உங்க கல்யாணத்துக்குக் கழுவன அண்டாவக்கூட கவுத்து வெச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு எங்களைப் பார்த்தால் அவர் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி ஏற்றுவார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவளே போன் செய்தாள். "பாலாத்துல தண்ணி வந்துகினு இருக்குதாம், கெளம்பு." அன்று பிரதோஷம். கோயிலுக்குப் போகணுமே என்றேன். "சாமி அங்கதான் இருக்கும்க்கா, எங்கயும் போவாது. ஆத்துல தண்ணி நாளைக்கு இருக்குமான்னு சொல்லு" என்றாள். பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மணலாகவே பார்த்துப் பழகிய இடமெல்லாம் செம்மண் நிறத்தில் தண்ணீர். அது போகும்போது, அதனால் ஜன்னல் என்னுடையது. இருந்தும் அவள் என் மடிமேல் சாய்ந்து தலையை நீட்டி, குழந்தை மாதிரி வாய் திறந்து பார்த்தாள். நான் பின்னால் சாய்ந்து இடம் கொடுத்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குச் சண்டை. நம் ஊரில் வயசான பெண்பிள்ளை வெளியே கிளம்பினால் கோயிலுக்கு என்று சொன்னால் போதும், மறுகேள்வி கிடையாது. நானும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருவேன். ஒரு நாள் ஏனாத்தூரில் பஸ் நின்றது. காலேஜ் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். நடுவில் என் பேத்தி.

"ஆயா! நீ கோயிலுக்குப் போறேன்னுதானே சொன்ன?"

நான் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். கன்னியம்மா சொன்னாள், "கோயிலும் இல்ல ஒண்ணும் இல்லமா. நானும் உங்காயாவும் சும்மா ஒரு ரவுண்டு வந்தோம்." பேத்தி சிரித்தாள். "இதான் எங்க ஆயா" என்று தோழிகளுக்கு என்னைக் காட்டினாள். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து, "வீட்ல சொல்லமாட்டேன் ஆயா" என்று காதில் சொன்னாள்.

அவள் இறங்கியதும் கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். "அவ சொல்லக்கூடாதுக்கா. நீ சொல்லணும். நான் எங்க வூட்ல சும்மா போறேன்னு சொல்லிட்டுத்தான் வரேன். இடி எதுனா வுழுந்திச்சா?"

உனக்கென்ன, உன் வீடு வேறு, என் வீடு வேறு என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்தவள் வீட்டுக்குள் நான் முதலில் கால் வைத்தது அவளைக் கிடத்தியிருந்த அன்றுதான். என் மகன் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். கன்னியம்மா தலை சீவியபடியே சாய்ந்துவிட்டாளாம். "மணியாச்சு, அக்கா இடம் புடிச்சு வெச்சிருக்கும்" என்றதுதான் கடைசியாகப் பேசியது என்று மருமகள் சொல்லி அழுதாள். கன்னியம்மாவின் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "பஸ்ல ஊர் ஊரா சுத்தாம ஒழுங்கா வூட்ல இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கும். நீங்கதானேமா கூடப் போவீங்க?"

என் மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினான்.

"இன்னாமா நீ? உனுக்கும் இப்படி எதுனா ஆச்சுன்னா? இனிமே பஸ்ஸு கிஸ்ஸு எதுவும் வேணாம். கோயிலுக்குன்னா சொல்லு, நானே வண்டில வுடறேன்."

அவன் குரல் நடுங்கியது. கோபமென்று சொல்ல முடியாது, பயம். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவ்வளவுதான், இனி டிவியும் தூக்கமும்தான் என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை காலையில் என்னையறியாமல் தலை சீவினேன், புடவை மாற்றினேன். கூடையை எடுத்தேன். தறியிலிருந்து மகன் குரல் வந்தது.

"எங்கமா, கோயிலுக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லப்பா. சும்மா கூரம் வரைக்கும் பஸ்ல போயிட்டு வரேன்."

தறிச் சத்தம் நின்றது. நான் செருப்பில் காலை நுழைத்தபடி நின்றேன்.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்றான். எடுத்துக்கொண்டேன் என்றேன். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

பஸ்ஸில் அதே கண்டக்டர். என் பக்கத்து இடத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமலே டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

என் பிள்ளைக்கு நான் சொன்ன அந்த 'சும்மா' என்ற வார்த்தை கன்னியம்மா கொடுத்தது. அதை வைத்துக்கொள்கிறேன். அவள் போட்ட சட்டத்தையும் வைத்துக்கொள்கிறேன். கூரத்திலிருந்து திரும்பும்போது நான் ஜன்னல் பக்கத்தைக் காலியாக விட்டு, நடைவழிப் பக்கம் உட்கார்ந்தேன். வழியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறி என் சீட்டருகே நின்றாள்.

"ஜன்னல் பக்கம் யாருனா வராங்களாமா?"

காலை ஒதுக்கி வழிவிட்டேன். "யாரும் வரலமா. நீ போய் உக்காரு, கொழந்த பாக்கட்டும்" என்றேன்.