ஒட்டிய பக்கம்

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலையிலிருந்த என் புத்தகக்கடைக்கு ஒரு பெயர்ப்பலகை ஓவியர் வருவார். ஒல்லியான மனிதர், நகக்கண்ணில் எப்போதும் நீலச் சாயம். குழந்தைகளுக்காகத் தானே எழுதி, படம் வரைந்து, தைத்த ஒரே ஒரு கதைப்புத்தகத்தை வீடு வீடாகக் கொடுத்துக் கருத்துக் கேட்பார். நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்ல வருமா? "ரொம்ப நல்லாருக்கு" என்று என் கடையில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். உடனே அவர் நடுப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். முகம் விழுந்துவிடும்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நடுவுல ரெண்டு பக்கத்தைச் சேர்த்து ஓரத்துல ஒரு பொட்டு சோத்துப்பசை வச்சிருக்கேன் அண்ணே. படிச்சிருந்தா பிரிஞ்சிருக்கும் லா."

"பிரிஞ்சிருக்கா?"

"ஒரு வீட்டுலயும் பிரியல. புள்ளைங்க எல்லாம் இப்ப இங்கிலீஷ் ஸ்கூல்."

"உள்ள என்ன இருக்கு?"

"யானை குளிக்கிற படம். நான் போட்டதுலயே நல்ல படம் அதுதான்."

அடுத்த முறை வந்தபோது அந்த இரண்டு பக்கங்களையும் முழுக்கவே ஒட்டியிருந்தார். அதற்கும் "ரொம்ப நல்லாருக்கு" என்றுதான் சொன்னார்களாம். பிறகு அவர் வரவில்லை. அந்த யானை எப்படிக் குளித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.