லெஃப்ட் கார்னர் கௌதமனைப் பற்றி அக்சிலியா எழுதியது

சேலம் அம்மாபேட்டையில் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பதிவுத் தபால் வாங்கும் அக்சிலியாவுக்கு இன்னொரு வேலையும் இருப்பது அங்கே வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சேலையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு, கணவர் பிரான்சிஸின் வண்டியில் ஏறி, எந்த ஊரில் கபடி நடக்கிறதோ அந்த ஊருக்குப் போய்விடுவாள். சென்னையில் ஒரு தொழில்முறைக் கபடி அணிக்காக, சேலம் நாமக்கல் பக்கத்துப் பிடிகாரர்களை எடைபோட்டு எழுதி அனுப்புவது அவள் பொறுப்பு. பாடி வருகிறவர்களைப் பார்க்க வேறு ஆள் உண்டு. பிடிக்கிறவர்கள் மட்டும்தான் அவளுக்கு.

அவளே ஒரு காலத்தில் நல்ல பிடிகாரி. இருபது வயதில் மாநில அணிக்கு ஆடினாள்; அந்த ஆட்டம்தான் தபால் துறையில் வேலை வாங்கிக் கொடுத்தது. இருபத்து மூன்றில் முழங்கால் போய்விட்டது. தேர்வு முகாமுக்கு முன்பே அது வீங்கித்தான் இருந்தது. துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு ஆடினாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது நாற்பத்து நான்கு வயதில் ஆபீஸ் படியேறக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஆரம்பத்தில் போட்டி நடத்துகிறவர்கள் அவளை யாரோ ஆட்டக்காரனின் அம்மா என்று நினைத்து, நிழலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் களத்தின் மூலையருகே வெயிலில் போட்டுக்கொண்டாள். பிரான்சிஸ் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். கபடி அவருக்குப் பிடிபடவே இல்லை. வீடியோ எடுக்கச் சொன்னால், பாடி வருகிறவன் பின்னாலேயே போனைத் திருப்பிக்கொண்டு போவார். மூலையில் நிற்கிறவனை எடுங்கள் என்று அவள் சொன்னால், சும்மா நிற்கிறவனை எதற்கு எடுப்பது என்று கேட்பார். அப்புறம் எடுப்பார்.

போன வருடத்துக்கு முந்தின சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு பெயர் வந்தது. குமாரபாளையத்துக் கௌதமன், வயது பத்தொன்பது, லெஃப்ட் கார்னர், அதாவது இடது மூலையில் நிற்கிற பிடிகாரன். வீடியோவில் அவன் பிடித்த பிடிகளைப் பார்த்து அணி மேலாளர் மயங்கிப்போயிருந்தார். இன்னும் பத்து நாளில் வீரர்கள் தேர்வு. ஒரு தடவை நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும் என்றார். அந்த ஞாயிறு ஜேடர்பாளையத்தில் போட்டி. அக்சிலியா போனாள்.

பையன் ஒல்லி. தோள் மட்டும் அகலம். முதல் ஆட்டத்திலேயே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பாடி வருகிறவன் கையை ஆட்டி ஏமாற்றும்போது மற்றவர்கள் கையைப் பார்த்தார்கள். இவன் இடுப்பைப் பார்த்தான். கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். ஒரு பிடி தவறியபோது மண்ணைத் தட்டிக்கொண்டு, பழைய இடத்தில் பழையபடியே போய் நின்றான். அடுத்த முறை அதே ஆள் வந்தபோது அவசரப்படவில்லை. பத்தொன்பது வயதில் அந்தப் பொறுமை யாருக்கு வரும் என்று அவள் பிரான்சிஸிடம் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே படம் எடுத்தார்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் அது உறுத்தியது. மூலையில் நிற்கிற பிடிகாரன் பக்கத்தில் நிற்கிறவனோடு கைகோத்து நிற்பது வழக்கம். கௌதமன் கோக்கவில்லை. வலது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தனியாக நின்றான். அது அவன் ஸ்டைல் என்று பக்கத்திலிருந்த பெரியவர் பெருமையாகச் சொன்னார். கீழே விழுந்து எழும்போதும் இடது கையை மட்டுமே ஊன்றினான். ஆட்டம் முடிந்து பனியனைக் கழற்றியபோது முதலில் இடது கையை உருவி, தலையை வெளியே எடுத்து, கடைசியில் வலது கையிலிருந்து துணியை வழித்து எடுத்தான். அக்சிலியா எழுந்து அவனிடம் போனாள்.

யார் என்று சொல்லிக்கொண்டதும் அவன் முகம் மலர்ந்தது. வலது தோளில் என்ன என்று கேட்டதும் சுருங்கியது. ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னான். அவள் அவன் மடக்கிய கையையே பார்த்தாள்.

"மூணு தடவ நழுவிருச்சுங்க மேடம்," என்றான் கடைசியில். "நானே ஏத்திக்குவேன். செவுத்துல சாஞ்சு ஒரு திருப்பு திருப்புனா உக்காந்துக்குமுங்க. இத மட்டும் எழுதிராதீங்க."

எதை எழுதினாலும் அனுப்புவதற்கு முன் அதை ஆட்டக்காரனிடமே படித்துக் காட்டுவது அக்சிலியாவின் வழக்கம். தேறாதவன் என்று எழுதினால்கூட முகத்துக்கு நேரே படிப்பாள். இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், ஒருவன் அழுதிருக்கிறான். இவனிடம் அங்கேயே படிக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் யார் என்று கேட்டாள். அம்மா மட்டும் என்றான். மறுநாள் மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு அவளும் பிரான்சிஸும் குமாரபாளையம் போனார்கள்.

கௌதமனின் அம்மா பெரியநாயகி ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான்கு தறி பார்க்கிறவள். பகல் ஷிப்டில் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவளாதலால் சாதாரணப் பேச்சும் உரக்கத்தான் வந்தது. காப்பி கொடுத்துவிட்டு மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அக்சிலியா நோட்டைப் பிரித்துப் படித்தாள்.

"கண் இடுப்பில் இருக்கிறது. கணுக்கால் பிடி சுத்தம். தோற்ற பிடியை அடுத்த பிடிக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. இந்தப் பக்கத்தில் நான் பார்த்த கார்னர்களில் இவனே முதல். வலது தோள் மூன்று முறை நழுவியிருக்கிறது. வைத்தியம் முடியாமல் களத்தில் இறக்கக் கூடாது. காத்திருந்து எடுக்கலாம்."

பெரியநாயகிக்குப் பாராட்டு எதுவும் காதில் ஏறவில்லை. மூன்று முறையா என்று மகனைக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் அவன் தோளில் கைவைத்து, எந்த இடம் என்பதுபோல் விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபம் மகன் மேலா, வந்தவர்கள் மேலா என்று சொல்ல முடியவில்லை.

"ஏனுங்க, ஒரு வருசம் இவன் சும்மா இருந்தான்னா, அவங்க மறந்துருவாங்கல்ல?" என்று கேட்டாள்.

அக்சிலியாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "நான் மறக்க மாட்டேங்க," என்றாள். "மத்தவங்கள பத்தி எனக்குத் தெரியாது."

திரும்பி வரும் வழியில் சங்ககிரி தாண்டி வண்டியை ஓரங்கட்டிய பிரான்சிஸ், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டார். அவருக்கும் பையனைப் பிடித்துப்போயிருந்தது. அவள் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

அறிக்கையைப் படித்த மேலாளருக்கு எரிச்சல். எடுக்கச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். எடுத்து ஒரு வருடம் வைத்தியம் பாருங்கள் என்றாள் அவள். அவர்கள் எடுக்கவில்லை. வேறு எந்த அணியும் எடுக்கவில்லை. தேர்வு முடிந்த அன்று கௌதமன் போனை எடுக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று வாரமும் எடுக்கவில்லை. அக்சிலியா விடாமல் அடித்தாள். கவுண்டரில் சாப்பாட்டு இடைவேளையில் அடிப்பாள், மணி ஓய்ந்ததும் டிபன் டப்பாவைத் திறப்பாள். நான்காவது வாரம் பெரியநாயகி எடுத்து, அரசு மருத்துவமனையில் ஆபரேசனுக்குத் தேதி கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அந்த நாளில் அக்சிலியாவும் போய் வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களும் கபடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியநாயகி புடவை ரகங்களைப் பற்றிச் சொன்னாள், அக்சிலியா கேட்டுக்கொண்டாள்.

எட்டு மாதம் அவன் களத்தில் இறங்கவில்லை. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறான், மூஞ்சி கொடுத்துப் பேசுவதில்லை என்று அம்மா சொல்வாள். மறுவருடத் தேர்வில் அக்சிலியா அதே பெயரை மறுபடி எழுதி அனுப்பினாள். சென்னை அணி அப்போது வேறு இரண்டு கார்னர்களை வைத்திருந்தது. கௌதமனை எடுத்தது வடக்கே ஒரு அணி, புதுமுகங்கள் பட்டியலில், கடைசி நேரத்தில். மேலாளர் அக்சிலியாவைக் கூப்பிட்டு, உங்கள் ஆளை அடுத்தவன் கொண்டுபோய்விட்டானே என்றார். நான் இரண்டு வருடமாக எழுதினேன் என்று அவள் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவனை ஆறாவது ஆட்டத்தில்தான் இறக்கினார்கள். அதுவும் பதினொரு நிமிடம். சேலத்தில் அக்சிலியாவும் பிரான்சிஸும் டீவி முன் உட்கார்ந்திருந்தார்கள். கௌதமன் மூலையில் போய் நின்று, வலது கையை நீட்டிப் பக்கத்து ஆளின் கையைக் கோத்துக்கொண்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரான்சிஸ் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பிடி தவறியது, ஒன்றில் ஆள் சிக்கினான்.

மறுநாள் அவனே போன் செய்தான். மேடம் போய் அக்கா ஆகியிருந்தது. எப்படி ஆடினேன் என்று கேட்டான்.

"ரெண்டாவது பிடிக்கு அவசரப்பட்டுட்ட சாமி," என்றாள் அக்சிலியா. "அவன் இன்னும் ஒரு அடி வந்திருப்பான்."

கோச்சும் அதையேதான் சொன்னார் என்றான். பிறகு சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று அவள் கேட்க, சப்பாத்தியாகவே போடுகிறார்கள் என்று அவன் நெடுநேரம் குறைப்பட்டுக்கொண்டிருந்தான்.