நாற்பது நொடி மன்னிப்பு

ஓனிக்குப் பெரிய குரல் ஒன்றும் கிடையாது. பின்னால் டிரம்ஸ் வாசித்தவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் அவள் பாடினால் கைவேலை நின்றுபோகும். மடகாஸ்கரில், எங்கள் தலைநகர் அந்தனனரிவோவில் ஆரம்பப் பள்ளி டீச்சர். ஆறு வருஷம் எழுதி, அடித்து, திருத்தி, ஒன்பது பாட்டோடு ஒரே ஒரு ஆல்பம் போட்டாள். பாப் ராக்தான்; எலெக்ட்ரிக் கிதார் அலறும்.

முதல் பாட்டு அவள் தம்பி லீவாவைப் பற்றியது. குடித்துக் குடித்தே இருபத்து நாலு வயதில் செத்தவன். வீட்டில் மஞ்சள் காமாலை என்று சொல்லி மூடிவைத்திருந்தார்கள். அதனால் பாட்டுக்கு முன்னால் ஓனி நாற்பது நொடி பேசிப் பதிந்திருந்தாள்: பெரியவர்கள் இருக்கையில் சின்னவள் வாய் திறக்கிறேன், பழி சொல்லாமல் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. கல்யாணமோ சாவோ, அப்படிக் கேட்காமல் எங்களில் யாரும் பேச்சை ஆரம்பிப்பதில்லை.

ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "ரேடியோவுல எவன்ம்மா நாப்பது செகண்ட் காத்திருப்பான்? பொண்ணு கேக்கவா போறே?"

ஓனி என்னைப் பார்த்தாள். "வெட்டட்டும் விடு" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. வேனுக்கு வேன் அந்தப் பாட்டுதான். பத்திரிகையில் அரைப்பக்கம் புகழ்ந்து எழுதினார்கள். ஓனிக்கு அதெல்லாம் பெரிதில்லை. அவள் அம்மா கேட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டார். "நீ பாடினது பொய்யின்னு சொல்லலடி. பாடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

வெட்டிய கதையை நான் சொல்லிப் பார்த்தேன்.

"வெட்டறப்போ இவ வாய் எங்கப்பா போச்சு?" என்றார். அதோடு மூன்று வருஷம் மகளிடம் பேச்சில்லை.

மூன்றாம் வருஷ ஆகஸ்டில், செத்தவர்களுக்கு எங்கள் ஊரில் செய்யும் வழக்கப்படி, லீவாவின் எலும்பைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுப் பட்டு சுற்றும் நாள் வந்தது. ஓனி வாங்கிவந்த பட்டை அம்மா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு உயிர் வந்தது. சுற்றி முடித்ததும் பாயோடு தோளில் தூக்கி, ஆடிக்கொண்டே கல்லறையைச் சுற்ற வேண்டும். யார் கேட்டார்களோ, ஊதுகுழல்காரர்கள் ஓனியின் பாட்டையே எடுத்தார்கள். சனம் துள்ளியது. ஓனி அழுதுகொண்டே தலைமாட்டில் தோள் கொடுக்கப் போனாள்.

அம்மா குறுக்கே வந்து அவள் தோளை மெதுவாக விலக்கினார். குரலில் கோபமே இல்லை.

"நீதான் அவன ஊரு ஊரா தூக்கிட்டுப் போயிட்டியேம்மா. இன்னிக்கு நாங்க தூக்கிக்கறோம்."