திங்கட்கிழமை ஸ்கூட்டர்

ஐம்பதுகளின் நடுவில் குந்தாரப்பள்ளி வட்டாரத்தில் ஸ்கூட்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சந்தைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை காட்டும் பொறுப்பு என் ஒருவன் தலையில் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்துப்போன சின்ன வண்டி. உதைத்தால் கிளம்பாது. கெஞ்சினாலும் கிளம்பாது. நாலு பேர் நின்று பார்த்தால் இன்னும் கிளம்பாது.

பெண்ணையாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் நான் ஸ்டோர் குமாஸ்தா. தற்காலிகம். காலை எட்டரைக்கு ஆஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கிருஷ்ணகிரியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போனால் ஒன்பதாகிவிடும். அதனால்தான் அப்பா கடலை விற்ற கையோடு இந்த வண்டியை வாங்கித் தந்தார். வாங்கித் தந்தாரே தவிர, ஒருநாளும் அதில் ஏறியதில்லை. கால்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத வண்டியில் ஆம்பளை உட்காருவதா என்பது அவர் கட்சி.

அப்பாவுக்கு இன்னொரு கட்சியும் உண்டு. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அந்த நேரத்தில் வண்டி வீட்டை விட்டு நகரக்கூடாது. பஸ்ஸும் அதே நேரத்தில்தானே போகிறது என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது டிரைவரு கெளப்பறது. இது நீ கெளப்பறது" என்றார்.

ஏழு மணிக்கே கிளம்பலாமே என்பீர்கள். ஏழு மணிக்கு உதைக்க ஆரம்பித்தால், அந்தக் குளிரில் எஞ்சின் சரியாக ஏழு முப்பத்தைந்துக்கு உயிர் பெறும். ராகுவோடு அதற்கு ஏதோ ஒப்பந்தம்.

கடைசியில் அப்பாவே வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம். நல்ல நேரத்தில் மூட்டையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். மூட்டைக்குப் பதில் ஸ்கூட்டர். திங்கட்கிழமைதோறும் ஆறரைக்கே வண்டியை மெயின் ரோடுவரை தள்ளிக்கொண்டு போய், புளி மண்டி பாயிடம் ஒப்படைத்துவிட்டு, நடந்து வீட்டுக்கு வந்து, களி தின்றுவிட்டு, மறுபடி நடந்து போய் உதைப்பேன். நடக்க வேண்டாம் என்று வாங்கிய வண்டி, திங்கட்கிழமைகளில் என்னை மூன்று நடை நடக்கவைத்தது.

"ஏந்தம்பி, எம் மண்டிக்குள்ள வந்தா உங்க ராகு எட்டிப் பாக்க மாட்டாரா?" என்று பாய் சிரிப்பார்.

"புளி நெடி ஆவாது போல பாய்" என்பேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை ஓவர்சியர் கூப்பிட்டார். நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியல் திங்கட்கிழமை காலை மேலே போகிறதாம். நான் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். "திங்கக்கெழம எட்டரைக்கு உன் கையெழுத்து இல்லைன்னா, லிஸ்ட்ல உன் பேரும் இல்ல" என்றார். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. கடைசியில், திங்கட்கிழமை விடியற்காலையில், பிரமாதமாக வந்தது.

விழித்தபோது மணி ஏழரை. வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. பரஸ்தானமும் இல்லை, ஒன்றும் இல்லை. முகம் கழுவாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி உதைத்தேன். வாழ்நாளில் முதல்முறையாக இரண்டாவது உதையிலேயே கிளம்பியது. ஏழு முப்பத்து நாலு. இதற்குத்தான் காத்திருந்தது போல.

அப்பா கொல்லையிலிருந்து வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"நிறுத்துடா. ஒம்போது ஆவட்டும்."

"ஒம்போதுக்குப் போறதும் ஒண்ணு, போவாம இருக்கறதும் ஒண்ணு. வேல போயிடும்பா. வழிய உடுங்க."

அவரிடம் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கோபத்தில் அடிப்பார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எங்கப்பா?"

"ஆவறது ரெண்டு பேருக்கும் ஆவட்டும். போ."

வழி முழுக்க பள்ளம் வரும்போதெல்லாம் அவர் சொல்லும் சாமி பெயர் காதில் விழுந்தது. எதிரே லாரி வந்தால் இடுப்பில் பிடி இறுகியது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா என்னைத் தொட்டதாக ஞாபகம் இல்லை.

எட்டு இருபத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஓவர்சியர் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, "பரவால்ல, லிஸ்ட்ல உன் பேரு இருக்கு போ" என்றார். வெளியே ஓடி வந்தேன். அப்பா இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. சீட்டை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதம் அவரைக் கேலி பேசியே பிழைத்தவன், அன்றும் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதை விட்டுவிட்டு, அவர் இறங்குவதற்குக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.