முதலாம் நம்பர் துண்டும் குதிக்கால் நோவும்

காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிக்காலுக்குள் ஆணி இறங்கும். பத்து அடி நடந்தால் கழன்றுவிடும். கொஞ்ச நேரம் இருந்து எழும்பினால் மறுபடியும் இறங்கும். இதுதான் என் வருத்தம்.

போர்க்காலத் தடையால் பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் எங்கள் அரசாங்கக் கந்தோர் என்னை நிவாரணக் களஞ்சியத்தில், சீமெந்துத் தரையில் நாள் முழுக்க நிற்க வைத்திருந்தது. மேசை வேலைக்கு மாற மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்று சுற்றறிக்கை. அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

ஆகவே முறைப்படி விடியமுன் கிளினிக்குக்குப் போனேன். கதவு திறக்கும்வரை முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தேன். வரிசைக்குக் கொடுக்கும் சீட்டில் முதலாம் நம்பர் துண்டு எனக்கே.

"நடந்து காட்டுங்கோ," என்றார் டொக்டர்.

நடந்தேன்.

"மாப்பிள்ளை மாதிரியெல்லோ நடக்கிறியள். எங்கை ஐயா நோ?"

"விடிய எழும்பேக்கை இருந்தது, டொக்டர்."

"அப்ப அடுத்தமுறை அதையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அடுத்த கிளினிக் நாளிலும் பழக்கதோஷத்தால் முதலாம் துண்டே கிடைத்தது. கொழும்புத்துறையிலிருந்து வந்த மீன்கார அம்மா ஒருவர் எழுபத்திரண்டாம் துண்டோடு கடைசியில் நின்றார்.

"மாத்துவமா அக்கா?"

"ஒண்டைத் தந்திட்டு எழுவத்திரண்டை வாங்கிறியள். தம்பி, வருத்தம் காலிலையோ, தலையிலையோ?" என்று கேட்டார். ஆனால் என் மனம் மாறுமுன் துண்டைப் பறித்துக்கொண்டார்.

மூன்று மணித்தியாலம் வாங்குப் பலகையில் அசையாமல் இருந்தேன். எழுபத்திரண்டைக் கூப்பிட்டதும் எழும்பினேன். ஆணி இறங்கியது. கதவு நிலையைப் பிடித்தபடி கொக்கு மாதிரி உள்ளே போனேன்.

"ஓம், இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்!"

டொக்டர் குதியின் அடியில் பெருவிரலால் அழுத்தினார். நான் கத்திய கத்தில் தாதி எட்டிப் பார்த்தார். குதியிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார் புண்பட்டிருக்கிறதாம். ஓய்வில் சுருங்கி, முதல் அடியில் இழுபடுமாம். காரணம் சீமெந்துத் தரை. மற்றக் காரணத்தைக் கையில் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். என் செருப்பு. குதிப் பக்கத்து ஓட்டைக்குள்ளால் ஜன்னல் தெரிந்தது.

"முதலிலை இதுக்குப் பென்சன் குடுங்கோ ஐயா."

சான்றிதழ் கிடைத்தது, மேசையும் கிடைத்தது. தடித்த செருப்பு வாங்கினேன். டொக்டர் சொன்னபடி வெறும் சோடாப் போத்தலொன்றை மேசைக்கடியில் போட்டு உள்ளங்காலால் உருட்டினேன். சில மாதங்களில் நோ போய்விட்டது.

வருத்தம் மாறியதை அறிவிக்கப் படிவம் ஏதும் உண்டா என்று எல்லாக் கோப்பும் தேடினேன். இல்லை. ஆகவே ஓய்வுபெறும்வரை, அதிகாரி கூப்பிட்ட போதெல்லாம் முதல் பத்து அடியை முறைப்படி நொண்டினேன்.